முத்துக்குளித்துறையில் தாய்-சேய் நலம்: ஒரு வரலாற்றுப் பார்வை

முத்துக்குளித்துறை என்பது வேம்பாரிலிருந்து தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம் வழியாக மணப்பாடு வரை நீளும் மன்னார் வளைகுடாக் கடற்கரையைக் குறிக்கும் பழைய பெயராகும். இன்று இதன் பெரும்பகுதி தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. முத்து, சங்கு, மீன், உப்பு, துறைமுகம் ஆகியவற்றால் பெயர் பெற்ற இக்கரையில் செல்வம் பலமுறை கைமாறியுள்ளது. ஆனால் அச்செல்வத்தை ஈட்டிய குடும்பங்களின் பெண்கள் பாதுகாப்பாகப் பிள்ளை பெறும் வசதியை அடைந்தது மிக அண்மைக் காலத்தில்தான். அவ்வசதி எப்படி வந்தது, யாருக்கு முதலில் வந்தது, யாருக்குக் கடைசியில் வந்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மூன்று தாமதங்கள்

தாய்மார் இறப்பை ஆராய்வோர் 1994ஆம் ஆண்டு முதல் 'மூன்று தாமதங்கள்' என்னும் விளக்கத்தைப் பயன்படுத்தி வருகின்றனர். மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று வீட்டில் முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம் முதலாவது. அங்கே போய்ச் சேர்வதில் ஏற்படும் தாமதம் இரண்டாவது. போய்ச் சேர்ந்த பின் உரிய சிகிச்சை கிடைப்பதில் ஏற்படும் தாமதம் மூன்றாவது. பிரசவத்திற்குப் பின் உண்டாகும் கடும் இரத்தப்போக்கு சில மணி நேரத்திலேயே உயிரைப் பறித்துவிடும். ஆகவே இம்மூன்றில் எது நேர்ந்தாலும் விளைவு ஒன்றே.

ஏழைக் குடும்பங்களில் இம்மூன்று தாமதங்களுக்கும் அடியில் பணம் இருக்கிறது. நாள் கூலியை இழக்க முடியாததால் பரிசோதனைக்குப் போவதில்லை. வண்டிக்குக் காசு இல்லாததால் வலி முற்றும் வரை காத்திருக்கின்றனர். இரத்தமும் மருந்தும் வெளியில் வாங்க வேண்டியிருந்தால் சிகிச்சை தள்ளிப்போகிறது. தூத்துக்குடிக் கடற்கரையின் தாய்-சேய் நல வரலாற்றை இம்மூன்று தாமதங்களும் ஒவ்வொன்றாகக் குறைந்த வரலாறு எனலாம்.

மருத்துவச்சிகளின் காலம்

நவீன மருத்துவம் வருவதற்கு முன்பும், வந்த பின் நெடுங்காலமும், பிரசவம் வீட்டிலேயே நடந்தது. மருத்துவச்சி எனப்பட்ட அனுபவமுள்ள பெண்ணே பிள்ளைப்பேறு பார்த்தார். பல ஊர்களில் நாவிதர் சமூகப் பெண்கள் இப்பணியைத் தலைமுறைத் தொழிலாகச் செய்தனர். நெல், சேலை, சிறு தொகை என்பன அவர்களுக்குரிய கூலி. இயல்பான பிரசவத்தில் அவர்களுடைய கைத்திறன் பெரிதும் பயன்பட்டது. தாய்க்கு ஆறுதலாகவும் இருந்தது. ஆனால் குழந்தை குறுக்கே கிடந்தாலோ, இரத்தப்போக்கு நிற்காவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ அவர்களால் செய்யக்கூடியது குறைவு. கிருமிநீக்கம் செய்யாத கருவியால் தொப்புள்கொடியை அறுப்பதால் வரும் இரண ஜன்னி பல பச்சிளங்குழந்தைகளைக் கொன்றது. மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் முயற்சிகள் 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடந்தன. பயிற்சி பெற்றவருக்கும் அவசரச் சிகிச்சை செய்யும் மருத்துவமனை அருகில் இல்லாவிட்டால் பயன் இல்லை என்பது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று.

போர்த்துகீசியர் காலமும் மிஷன் மருத்துவமும்

1530களில் இக்கரையின் பரதவர் சமூகத்தினர் போர்த்துகீசியரின் பாதுகாப்பை ஏற்றுக் கத்தோலிக்க சமயத்தில் சேர்ந்தனர். தமிழின் தொடக்ககால அச்சுநூல்களை உருவாக்கிய அண்டிரிக் அடிகளார், 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புன்னைக்காயலில் உள்ளூர் மக்களுக்காக ஒரு மருத்துவமனையை நடத்தினார். இந்தியக் கடற்கரையில் ஐரோப்பியர் அமைத்த மருத்துவமனைகள் பெரும்பாலும் படைவீரர்களுக்கும் மாலுமிகளுக்கும் உரியனவாக இருந்த காலத்தில் இது வேறுபட்ட முயற்சி. எனினும் பிரசவம் அப்போதும் மருத்துவமனைக்குரிய செய்தியாகக் கருதப்படவில்லை.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாவட்டத்தின் உட்பகுதியில் மாற்றம் தொடங்கியது. 1870ஆம் ஆண்டு நாசரேத்தில் மருத்துவர் ஜே. எம். ஸ்ட்ராச்சன் ஆங்கிலிகன் மிஷனின் மருத்துவப் பணியைத் தொடங்கினார். அதுவே பின்னர் புனித லூக்கா மருத்துவமனையாக வளர்ந்தது. 1876ஆம் ஆண்டு நாசரேத்துக்கு வந்த ஆர்தர் மர்காசிஸ், அதே ஆண்டு தொடங்கிய பெரும் பஞ்சத்தின்போது ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்தார். பனையேறிக் குடும்பங்கள் நிறைந்த தேரிக்காட்டுப் பகுதியில் மேலை மருத்துவம் ஏழைகளை எட்டியது இத்தகைய நிறுவனங்கள் வழியாகவே.

சென்னையில் பெண்களுக்கான மருத்துவம் தனிப்பாதையில் வளர்ந்தது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை 1844இல் தொடங்கப்பட்டது. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்தது. அவர்களுள் ஒருவரான மேரி ஷார்லீப் 1885இல் கோஷா பெண்களுக்கான மருத்துவமனை உருவாகக் காரணமாக இருந்தார். ஆண் மருத்துவரிடம் காட்ட மறுத்துப் பெண்கள் இறந்ததைக் கண்டு மருத்துவரான ஐடா ஸ்கடர் 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். பெண் மருத்துவரும் பெண் செவிலியரும் இருந்தால்தான் பெண்கள் வருவார்கள் என்பது இக்காலத்தில் கற்ற பாடம். கடற்கரைச் சிற்றூர்களுக்கு அப்பாடத்தின் பலன் வந்துசேர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

துறைமுகம் கண்ட மருத்துவம்

ஆங்கிலேயர் ஆட்சியில் தூத்துக்குடி பருத்தி ஏற்றுமதித் துறைமுகமாகவும் கொழும்புக்குச் செல்லும் வாயிலாகவும் வளர்ந்தது. 1866இல் நகராட்சி அமைந்தது. முத்துக்குளிப்புக் காலங்களில் ஆயிரக்கணக்கானோர் கரையில் கூடியதால் காலரா அச்சம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களைத் தட்டப்பாறை முகாமில் நிறுத்தி, நோயில்லை என்று உறுதிசெய்த பின்னரே கப்பலேற்றினர். அரசின் மருத்துவக் கவனம் தொற்றுநோய் வணிகத்தையும் தொழிலாளர் போக்குவரத்தையும் தடுக்காமல் பார்த்துக்கொள்வதில் இருந்தது. கரையில் பிள்ளை பெறும் பெண் அக்கணக்கில் வரவில்லை.

அதே வளைகுடாவின் மறுகரை வேறு வழியில் சென்றது. இலங்கையில் 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேறு மருத்துவமனை திறக்கப்பட்டது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்டது. குறிப்பிட்ட எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு கர்ப்பிணியையும் வீடு தேடிச் சென்று பார்க்கும் பொதுச் சுகாதார மருத்துவமாது இம்முறையின் அச்சாணி. விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகளில் அங்கு தாய்மார் இறப்பு விரைந்து குறைந்ததற்கு இப்பணியாளர்களே முக்கியக் காரணம் என்று கருதப்படுகிறது. தமிழ்நாடு இதற்கு இணையான அமைப்பை முழுமையாக உருவாக்கியது சுமார் அரை நூற்றாண்டுக்குப் பின்னரே.

சட்டங்களும் அவற்றின் எல்லைகளும்

1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வ. உ. சிதம்பரனார், சுப்பிரமணிய சிவா ஆகியோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வு, வார விடுமுறை ஆகியவை அவர்களின் கோரிக்கைகளுள் அடங்கும். இத்தகைய தொழிற்சங்கப் போராட்டங்களின் தொடர்ச்சியாகவே பெண் தொழிலாளர்களின் பேறுகால உரிமை பற்றிய பேச்சும் எழுந்தது. சென்னை மாகாணத்தில் 1934இல் மகப்பேறு நலச் சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப் பின் 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் நாடு முழுமைக்கும் வழிவகுத்தது. 2017இல் ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது.

இச்சட்டங்கள் ஆலைகளையும் பதிவேட்டில் பெயருள்ள பணியாளர்களையும் மனத்தில் கொண்டவை. மீன் விற்கும் பெண்ணுக்கும், கருவாடு உலர்த்தும் பெண்ணுக்கும், உப்பளத்தில் நாள் கூலிக்கு உப்பு சுமக்கும் பெண்ணுக்கும் விடுப்பு கொடுக்க வேண்டிய முதலாளி யார் என்றே சொல்ல முடியாது. ஆகவே முத்துக்குளித்துறையில் மிகப் பெரும்பாலான தாய்மார்களுக்குச் சட்டம் இருந்தும் பயன் கிட்டவில்லை.

1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் வேறு வகையானது. இந்தியாவில் இத்தகைய முதல் சட்டமான இது, தாய்-சேய் நலப் பணிகளை உள்ளாட்சி அமைப்புகளின் கடமையாக்கியது. ஒரு பெண் எங்கே வேலை செய்கிறாள் என்பதைப் பாராமல், எங்கே வாழ்கிறாள் என்பதை வைத்து அவளுக்குச் சேவை கிடைக்க வேண்டும் என்ற கருத்து இதில் உள்ளது. 1946இல் வெளியான போர் குழுவின் அறிக்கையும் 1952 முதல் உருவான ஆரம்ப சுகாதார நிலையங்களும் இக்கருத்தை விரிவாக்கின. சமவெளிப் பகுதிகளில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது பின்னர் நிலைபெற்ற அளவுகோல்.

உணவு என்னும் மருந்து

குழந்தை நலத்தில் தமிழ்நாட்டின் தனிச்சிறப்பு ஊட்டச்சத்துத் திட்டங்கள். முதலமைச்சர் காமராசரின் மதிய உணவுத் திட்டம் 1956இல் இம்மாவட்டத்தின் எட்டயபுரத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 

பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இவை உதவின. ஆனால் ஊட்டக்குறைவு மிகுந்த சேதம் செய்வது கருவிலும் முதல் மூன்று ஆண்டுகளிலும்தான். உலக வங்கி உதவியுடன் 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இவ்விடைவெளியை நோக்கியது. 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் எடைபோட்டு, எடை கூடாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் சத்துமாவு கொடுத்து, தாய்க்கு ஆலோசனை சொல்வது இதன் முறை. அங்கன்வாடி மையங்களில் இன்று காணப்படும் எடை அட்டையும் சத்துமாவும் இம்மரபின் தொடர்ச்சியே. கர்ப்பிணிகளை ஒன்றாக அழைத்து நடத்தும் சமுதாய வளைகாப்பும் இம்மையங்களின் பணியாக உள்ளது. பழக்கமான சடங்கின் வழியாகவே இரும்புச்சத்து மாத்திரை, பரிசோதனை, தாய்ப்பால் பற்றிய செய்திகள் சொல்லப்படுகின்றன.

கிராம சுகாதாரச் செவிலியரும் நிதியுதவியும்

1980களில் துணை சுகாதார நிலையங்கள் பெருகின. ஒவ்வொன்றிலும் ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் அமர்த்தப்பட்டார். தம் எல்லைக்குட்பட்ட ஊர்களில் யார் கருவுற்றிருக்கிறார், யாருக்குத் தடுப்பூசி தவறியது என்பதைப் பதிவேட்டில் வைத்து வீடு தேடிச் செல்வது அவர் வேலை. மீனவக் குப்பங்களில் 'நர்சம்மா' என்று அழைக்கப்படும் இவரே முதல் தாமதத்தை உடைத்தவர். முடிவெடுக்கும் மாமியாரிடமும் கணவரிடமும் பேசக்கூடிய, ஊருக்குத் தெரிந்த முகம் அவருடையது. 1985இல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது அதை வாசல் வரை கொண்டுவந்தவரும் அவரே.

1987இல் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ரூ.300 வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினரும் மருத்துவருமான முத்துலட்சுமி ரெட்டியின் பெயர் அதற்கு இடப்பட்டது. தொகை 2006இல் ரூ.6,000 ஆகவும், 2011இல் ரூ.12,000 ஆகவும், 2018இல் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து ரூ.18,000 ஆகவும் உயர்ந்தது. பதிவு, பரிசோதனை, அரசு நிலையத்தில் பிரசவம், குழந்தைக்குத் தடுப்பூசி என்னும் கட்டங்களுக்கு ஏற்பத் தவணைகளாகப் பணம் வருகிறது.

இத்திட்டத்தின் வரலாற்று முக்கியத்துவம் தொகையில் மட்டும் இல்லை. ஆலைப் பெண்ணுக்கு 1934இல் ஏற்கப்பட்ட கருத்து, அதாவது பேறுகாலத்தில் இழக்கும் கூலிக்கு ஈடு தர வேண்டும் என்பது, முதலாளி இல்லாத பெண்ணுக்கும் அரசின் வழியாக விரிந்தது இதில்தான். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பேறுகால நிதியை நாடு முழுவதும் உரிமையாக்கியபோது தமிழ்நாட்டில் கால் நூற்றாண்டு அனுபவம் சேர்ந்திருந்தது. எனினும் முதல் இரு பிரசவங்களுக்கு மட்டும் என்ற வரம்பு, மூன்றாம் பிள்ளை பெறும் மிக ஏழ்மையான பெண்களை வெளியே நிறுத்துகிறது என்ற விமர்சனம் இன்றும் உள்ளது.

இருபத்து நான்கு மணி நேரமும் திறந்த கதவு

பிரசவ வலி அலுவலக நேரம் பார்த்து வருவதில்லை. ஆனால் 1990கள் வரை பல ஆரம்ப சுகாதார நிலையங்கள் பகல் வேளையில் மட்டுமே இயங்கின. 2000களின் நடுப்பகுதியில் ஒரு நிலையத்திற்கு மூன்று செவிலியர்களை எட்டு மணி நேர முறையில் அமர்த்தும் ஏற்பாடு செய்யப்பட்டது. இந்த எளிய மாற்றம் இரவுப் பிரசவங்களைச் சாத்தியமாக்கியது. பிரசவ அறையில் தாயுடன் உறவுப்பெண் ஒருவர் இருக்கவும் அனுமதி வந்தது. மருத்துவமனையில் தனியே விடப்படுவோம் என்ற அச்சம் இதனால் குறைந்தது.

சிக்கலான பிரசவங்களுக்காக 'சீமாங்' மையங்கள் எனப்படும் ஒருங்கிணைந்த அவசர மகப்பேறு மற்றும் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு மையங்கள் மாவட்டந்தோறும் அமைக்கப்பட்டன. அறுவை அரங்கு, மகப்பேறு மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், குழந்தை மருத்துவர், இரத்தம் ஆகியவை எந்நேரமும் இருக்க வேண்டும் என்பது இவற்றின் விதி. தூத்துக்குடியில் 2000ஆம் ஆண்டு அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதால் முன்பு பாளையங்கோட்டைக்கு அனுப்பப்பட்ட பல நோயாளிகளுக்கு மாவட்டத்திலேயே சிறப்புச் சிகிச்சை கிடைத்தது. 1995 முதல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு நிலையங்களுக்கு இலவசமாக வழங்கியது. 2008 செப்டம்பரில் 108 ஆம்புலன்ஸ் சேவை வந்தது. இவ்வாறு இரண்டாம், மூன்றாம் தாமதங்களும் சுருங்கின.

இவற்றோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது தாய் இறப்புத் தணிக்கை. 1990களின் நடுப்பகுதி முதல் ஒவ்வொரு தாயின் இறப்பும் பதிவு செய்யப்பட்டது. 2004 முதல் குடும்பத்தாரிடமும் விசாரித்து, மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் காரணம் ஆராயப்பட்டது. யார் மீது குற்றம் என்பதைவிட எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது என்பதே அங்குக் கேள்வி.

மாநில அளவில் பலன் தெளிவாகத் தெரிகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மருத்துவமனைப் பிரசவங்கள் 1998-99இல் 79 விழுக்காடு, 2005-06இல் 88 விழுக்காடு, 2019-21இல் 99.6 விழுக்காடு. ஒரு இலட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குத் தாய்மார் இறப்பு 2001-03இல் 134 ஆக இருந்து 2018-20இல் 54 ஆகக் குறைந்தது; அதே காலத்தில் இந்தியச் சராசரி 97. ஆயிரம் பிறப்புகளுக்குச் சிசு இறப்பு 2020இல் 13, இந்தியாவில் 28.

எஞ்சியிருப்பவை

சராசரி எண்கள் உயர்ந்த பின் சிக்கல்கள் இடம் மாறியுள்ளன. 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இரத்தசோகை இருந்தது. பிரசவங்களில் சுமார் 45 விழுக்காடு சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் இது இன்னும் அதிகம். தேவையற்ற அறுவை ஏழைக் குடும்பத்திற்குக் கடனாகவும், உடலுழைப்பால் வாழும் பெண்ணுக்கு நீண்ட ஓய்வுத் தேவையாகவும் முடிகிறது.

தூத்துக்குடிக்கே உரிய சிக்கல் உப்பளம். உப்பு உற்பத்தியில் இந்தியாவின் முதன்மையான இடங்களுள் ஒன்றான இங்கு, கோடை வெயிலில் நிழலும் கழிப்பறையும் இல்லாத அளங்களில் பெண்கள் உப்பு சுமக்கின்றனர். சிறுநீர் கழிக்க இடமில்லாததால் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கும் பழக்கம் கர்ப்பிணிகளுக்குப் பெருந்தீங்கு. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017இல் தொடங்கித் தமிழ்நாட்டில் உப்பளம், செங்கல் சூளை, வயல் உள்ளிட்ட இடங்களில் வேலை செய்த 800 கர்ப்பிணிகளை ஆராய்ந்தனர். கடும் வெப்பத்தில் உழைத்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் சுமார் இரு மடங்காக இருந்தது. மருத்துவமனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் வேலையிடம் மாறாவிட்டால் இந்த இழப்பைத் தடுக்க முடியாது.

வருமானம் நின்றுபோகும் காலமும் உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு மீன்பிடிப்புக்குத் தடை. வடகிழக்குப் பருவமழையில் உப்பளத்தில் வேலை இல்லை. இரண்டுக்கும் அரசு நிவாரணத் தொகை உண்டு என்றாலும், அம்மாதங்களில் பேறுகாலம் வரும் வீட்டில் தாயின் உணவே முதலில் குறைகிறது.

இயற்கைச் சீற்றம் மற்றொன்று. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பெய்தது. தாமிரபரணிக் கரையூர்கள் துண்டிக்கப்பட்டன. தூத்துக்குடி அரசு மருத்துவமனை வளாகத்திலும் வெள்ளம் சூழ்ந்தது. ஸ்ரீவைகுண்டம் பகுதியிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டவர்களில் ஒரு கர்ப்பிணியும் இருந்தார். பேறுகால நாள் நெருங்கிய பெண்களைப் பருவமழைக்கு முன்பே பட்டியலிட்டு மருத்துவமனைக்கு அருகில் தங்கவைப்பது தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையின் வழக்கம். அப்பட்டியல் ஒவ்வொரு ஊரிலும் சரியாக இருக்கிறதா என்பது, மறுபடியும், அந்த ஊரின் கிராம சுகாதாரச் செவிலியரைப் பொறுத்தது.

முடிவுரை

இக்கடற்கரையின் அனுபவம் ஒரு வரிசையைக் காட்டுகிறது. 1870இல் மருத்துவமனை வந்தது. 1939இல் சட்டம் வந்தது. ஆனால் பெரும்பான்மை ஏழைத் தாய்மார்களின் நிலை மாறியது வீடு தேடி வரும் செவிலியர், இழந்த கூலிக்கு ஈடு, இரவிலும் திறந்த பிரசவ அறை, ஓடிவரும் ஆம்புலன்ஸ், காத்திருக்கும் இரத்தம் ஆகியவை ஒன்றுசேர்ந்த பின்னரே. இவற்றில் ஒன்று அறுந்தாலும் மற்றவை பயன் தருவதில்லை. கர்ப்பிணிக்கு உப்பளத்தில் நிழலும் குடிநீரும் கழிப்பறையும், பணியிழக்காமல் ஓய்வும் கிடைக்கச் செய்வது இச்சங்கிலியில் இன்னும் கோக்கப்படாத கண்ணியாக உள்ளது.